134-ஆம் இடம் என்பது தோல்வியா?

எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் டென்னிஸ் பந்துக்குப் பஞ்சமே கிடையாது. காரைக்குடியில் எந்தப் பொட்டலுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பந்துகள் பறந்துகொண்டிருக்கும். அடிப்பது மட்டும் கிரிக்கெட் மட்டை! "மாபெரும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்" என்று போஸ்டர் ஒட்டுவார்கள். டென்னிஸுக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு அந்தப் போஸ்டரோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் பி.காம். படிக்கிற ஒருத்திக்கு டென்னிஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் எழுத வந்தது ஒரு கணக்கைப் பற்றி. கணக்குத்தானே நம் பாடம்?

முதலில் ஒரு கேள்வி. கிராண்ட் ஸ்லாம் போட்டியின் ஒற்றையர் பிரதான சுற்றில், நவீன டென்னிஸ் காலத்தில், முதன்முதலாக ஓர் ஆட்டம் ஜெயித்த இந்தியப் பெண் யார்?

நம் வகுப்பில் கேட்டால் யோசிக்காமல் "சானியா மிர்சா" என்று வரும். தப்பு. பதில் நிருபமா வைத்தியநாதன். ஊர் கோயம்புத்தூர். ஆண்டு 1998. இடம் மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஓப்பன். தோற்கடிக்கப்பட்டவர் இத்தாலியின் குளோரியா பிட்சிகினி. அப்போது நிருபமாவுக்கு வயது 21. கிட்டத்தட்ட நம் வயது.

தமிழ்நாட்டுக்காரர், நம் மொழி பேசுகிறவர், இப்படி ஒரு "முதல்" செய்திருக்கிறார். ஆனால் நமக்குப் பெயர் தெரியவில்லை. ஏன்? இதுதான் என்னைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கிற கேள்வி.

யார் இந்த நிருபமா?

1976 டிசம்பரில் பிறந்தவர். அப்பா கே.எஸ். வைத்தியநாதன், தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் ஆடியவர். கிரிக்கெட்டர் வீட்டில் டென்னிஸ் மட்டை எப்படி வந்தது என்பது ஆச்சரியம்தான். ஐந்து வயதில் ஆரம்பம். அண்ணனும் டென்னிஸ் ஆட்டக்காரர். அப்பாதான் வழிகாட்டி. 14 வயதில் தேசிய மகளிர் பட்டம் கையில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கஷ்டமே. இந்தியாவில் ஜெயித்து முடித்தாயிற்று, இனி வெளிநாடு போனால்தான் தரவரிசைப் புள்ளி. புள்ளி இருந்தால்தான் பெரிய போட்டி. பெரிய போட்டியில் ஆடினால்தான் பணம். ஆனால் வெளிநாடு போகவே பணம் வேண்டும். பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிற கதை. தொண்ணூறுகளில் ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தமிழ்ப் பெண், பெரும்பாலும் தனியாக, பையில் மட்டைகளோடு நாடு நாடாகச் சுற்றினார். கையில் செல்போன் கிடையாது. கூடவே பயிற்சியாளரை அழைத்துப் போக வசதி கிடையாது.

1997-ல் உலகத் தரவரிசையில் 134-ஆம் இடம். முதல் 200-க்குள் வந்த முதல் இந்தியப் பெண் அவர்தான். 1998 தொடக்கத்தில் மெல்போர்ன் வெற்றி. அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனீஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர் ஆட்டம். அப்புறம் ஓய்வு, திருமணம், அமெரிக்கா. பெயரும் நிருபமா சஞ்சீவ் ஆனது. கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை நடத்தினார். 2010-ல், தாயான பிறகு, 33 வயதில் திரும்பவும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். தன் கதையைத் தானே ஒரு புத்தகமாகவும் எழுதினார். தலைப்பு "தி மூன்பாலர்". பந்தை நிலாவுக்கு அனுப்புவதுபோல உயரமாகத் தூக்கி அடித்து, எதிராளியைப் பொறுமை இழக்க வைக்கிற ஆட்டத்துக்குத்தான் மூன்பால் என்று பெயர். அடிப்பவர்களை விட வாங்கிக்கொண்டே நிற்பவர்களின் ஆட்டம் அது. பொருத்தமான தலைப்பு என்றுதான் தோன்றுகிறது.

"முதல்" என்பதிலும் ஒரு சிக்கல்

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். "கிராண்ட் ஸ்லாமில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்" என்று நிருபமாவைப் பற்றி எழுதுவார்கள். முழுக்கச் சரியில்லை. 1934-லேயே லீலா ராவ் என்கிற பெண் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் ஜெயித்திருக்கிறார். அவருடைய அம்மா க்ஷமா ராவ் சம்ஸ்கிருதக் கவிஞர், அவரும் டென்னிஸ் ஆடியவர். 1968-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு "ஓப்பன்" காலம் தொடங்கியது. அந்தக் கோட்டுக்குப் பிறகு என்று பார்த்தால்தான் நிருபமா முதல்வர்.

இடையில் இன்னொரு நிருபமாவும் உண்டு. நிருபமா மன்கட். கிரிக்கெட்டர் அசோக் மன்கட்டின் மனைவி. 1971 விம்பிள்டனில் நம் சென்னை ஆனந்த் அமிர்தராஜோடு கலப்பு இரட்டையர் ஆடி இரண்டாம் சுற்றுக்குப் போனவர்.

இதையெல்லாம் தேடிப் படிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பெண்களின் சாதனை மறந்துபோவதற்குப் பெயரே ஒரு காரணம். கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர். 1998 செய்தியில் வைத்தியநாதன், 2010 செய்தியில் சஞ்சீவ். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாமலே கடந்து போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஒரே பார்ட்டிக்குப் பேரேட்டில் இரண்டு பக்கம் போட்டு, பாதி வரவை ஒன்றிலும் மீதியை இன்னொன்றிலும் எழுதினால் என்ன ஆகும்? இரண்டுமே சின்னக் கணக்காகத்தான் தெரியும்.

சரி, 134-க்கு வருவோம்

"134-தானே? முதல் நூறுக்குள்கூட வரலையே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் கேட்பது: உலகத்தில் 134-ஆம் இடத்தில் இருக்கிற ஆடிட்டரை உங்களுக்குத் தெரியுமா? 134-ஆம் இடத்தில் இருக்கிற டாக்டரை? அப்படி ஒருத்தர் கோயம்புத்தூரில் இருந்தால் ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகாதா? விளையாட்டில் மட்டும் ஏன் முதல் பத்துக்கு வெளியே இருந்தால் பூஜ்யம் என்று நினைக்கிறோம்?

டென்னிஸில் அந்த எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். இப்போதைய ஏற்பாட்டில் தரவரிசை வைத்து நேரடியாக உள்ளே போவது 104 பேர். மீதி இடங்களில் 16 தகுதிச் சுற்றில் ஜெயித்து வருபவர்களுக்கு, 8 சிறப்பு அனுமதிக்கு. ஆக, 134 என்பது வாசற்படிக்கு நேர் வெளியே நிற்கிற இடம். 104-ஆம் இடத்துக்கும் 134-ஆம் இடத்துக்கும் ஆட்டத்தில் உள்ள வித்தியாசம் நூலிழை. பணத்தில் உள்ள வித்தியாசம் மலையளவு.

2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றுப் போனவருக்கே 1,32,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 70 லட்சம். ஓர் ஆட்டம், அதுவும் தோல்வி! அதே நேரம் மகளிருக்கான சர்வதேசப் போட்டிகளின் அடிமட்டத்தில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை 32 ஒற்றையர் ஆட்டக்காரர்களுக்கும் இரட்டையர் ஜோடிகளுக்கும் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கையில் வருவது இருநூறு டாலரைத் தொடாது. போக வர விமானச் செலவுக்கே காணாது.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே இதை ஆராய்ந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு பெண் ஆட்டக்காரருக்கு வருஷச் செலவு சராசரியாக 40,000 டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். பயணம், தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுவது, துணி துவைப்பது வரை எல்லாம் சேர்த்து. பயிற்சியாளர் சம்பளம் இதில் சேராது! பெண்களில் சுமார் 253-ஆம் இடத்துக்கு மேலே இருந்தால்தான் வரவும் செலவும் சரிக்குச் சரி. பயிற்சியாளரையும் சேர்த்தால் அந்தக் கோடு இன்னும் மேலே போய்விடும். "நட்டமில்லா விற்பனை" என்று நாம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிக்கிறோமே, அதன் நிஜ உருவம் இது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நிருபமாவைப் பாருங்கள். ஒரு பெரிய நாட்டுக் கூட்டமைப்பு பின்னால் நிற்காமல், முன்னால் நடந்து போன ஆள் யாரும் இல்லாமல், ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கி 134 வரை ஏறியிருக்கிறார். அதைத் தோல்வி என்று எழுதுகிற கணக்குப்பிள்ளையை நான் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன் :-)

மூலதனச் செலவா, வருவாயினச் செலவா?

ப்ளஸ் ஒன்னிலேயே படித்த பாடம். இயந்திரம் வாங்கினால் மூலதனச் செலவு; அது சொத்தாகி இருப்புநிலைக் குறிப்பில் உட்காரும். இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டால் வருவாயினச் செலவு. இலாப நட்டக் கணக்கில் எழுதி அந்த வருஷமே தீர்த்துவிட வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதினால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும்.

நம் வீடுகளில் இந்தத் தப்பு தினமும் நடக்கிறது. பையனை நீட் கோச்சிங்குக்கு அனுப்பும் பணம் மூலதனச் செலவு. கடன் வாங்கியாவது செய்வார்கள். பெண்ணுக்கு ஷூ வாங்கிக்கொடுத்து ஸ்டேட் லெவல் போட்டிக்கு அனுப்பும் பணம்? "தண்டச் செலவு." அதாவது வருவாயினச் செலவுகூட இல்லை, நேராக நட்டம்!

நானே எறிபந்து ஆடியவள்தான். பத்தாம் வகுப்பு வரை மண்டலப் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். எங்கள் அணியில் ஒன்பது பேர் இருந்தோம். ப்ளஸ் டூ முடிக்கும்போது ஆடிக்கொண்டிருந்தது ஒருத்தி மட்டும். மற்றவர்கள் யாரும் கை கால் உடைந்து நிற்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளை வெயிலில் என்ன ஆட்டம்?", "கறுத்துப் போனா மாப்பிள்ளை கிடைக்குமா?", "பப்ளிக் எக்ஸாம் வருது". இந்த மூன்று வாக்கியங்களில்தான் நின்றுபோனோம். யாரும் வில்லன் இல்லை. எல்லோரும் நல்ல அம்மா அப்பாக்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவுக்குத் தலைப்பு கிடையாது, அவ்வளவுதான்.

செட்டிநாட்டுக் கணக்கு சொல்வது என்ன?

எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர் நண்பர்களுக்குச் செட்டிநாடு என்றால் கோழிக் குழம்பும் பெரிய வீடுகளும்தான் தெரியும். அந்த வீடுகளைக் கட்டிய பணம் எப்படி வந்தது? பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடந்த வட்டிக்கடைகளில் இருந்து. மீசை முளைக்காத வயதிலேயே பையனைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். முதலில் "பெட்டியடிப் பையன்", பிறகு "அடுத்தாள்", பிறகு "மேலாள்". மூன்று வருஷம் ஒரு கணக்கு. முடித்துவிட்டு ஊருக்கு வந்து ஓய்வெடுத்து, மறுபடியும் போவார்கள். போன முதல் நாளே அவன் லாபம் காட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தொழில் கற்றுக்கொள்ளும் காலத்துக்கும் சேர்த்துத்தான் முதல் போட்டார்கள்.

இதைத்தானே ஒரு டென்னிஸ் ஆட்டக்காரரும் கேட்கிறார்? கற்றுக்கொள்ள மூன்று வருஷம், கையில் கொஞ்சம் முதல், தோற்றால் திரும்பி வர ஒரு வீடு. கடல் கடந்து தெரியாத ஊரில் தனியாக நின்று ஜெயித்துவிட்டு வரும் மனிதனுக்கு என்ன தேவை என்பது இந்த மண்ணுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும். பையன்களுக்கு மட்டும் தெரிந்தது.

இன்னொரு கசப்பும் இருக்கிறது. பெண்களின் சீதனப் பணமும் அந்தக் கடைகளின் முதலில் சேர்ந்திருந்தது. பெண்ணின் பணம் கப்பலேறியது, பெண் ஏறவில்லை.

விளையாட்டுக்கு இந்த மண் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கே செட்டிநாட்டுக் குடும்பத்து எம்.ஏ. சிதம்பரம் பெயர்தான். கல்விக்குக் கொடுத்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகப்பச் செட்டியார் இல்லாவிட்டால் காரைக்குடியில் நாங்கள் யாரும் காலேஜ் பக்கமே போயிருக்க மாட்டோம். உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிற ஊர் இது. ஆனால் "என் பெண் ஐந்து வருஷம் ஆடட்டும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் குடும்பம் மட்டும் கண்ணில் படவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கிரிக்கெட்டர் அப்பா சொன்னார். அதனால் நிருபமா வந்தார். ஓர் அப்பாவின் மனசை நம்பி ஒரு மாநிலத்தின் விளையாட்டு நிற்கலாமா என்பதுதான் என் கேள்வி.

சானியாவுக்கு மட்டும் எப்படி நடந்தது?

சானியாவின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2005-ல் சொந்த ஊரான ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. பட்டம், அதே வருஷம் அமெரிக்க ஓப்பனில் நாலாவது சுற்று, 2007-ல் ஒற்றையரில் 27-ஆம் இடம், 2015-ல் இரட்டையரில் உலகின் முதலிடம், மொத்தம் 6 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். 2023-ல் ஓய்வு. குழந்தை பிறந்த பிறகு 2020-ல் ஹோபார்ட்டில் திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பட்டம் வேறு!

ஆனால் அவருக்கும் நிருபமாவுக்கும் நடுவில் மாறியது என்ன என்று பார்க்க வேண்டும். சானியாவின் சிறு வயதிலேயே ஜி.வி.கே. மாதிரியான ஒரு நிறுவனம் கைகொடுத்தது. நாடு திறந்துவிட்ட பொருளாதாரத்துக்குப் பழகியிருந்தது. விளம்பரதாரர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்தியப் பெண்ணால் கிராண்ட் ஸ்லாமில் ஒற்றையரில் ஜெயிக்க முடியுமா?" என்ற கேள்விக்கு 1998-லேயே பதில் கிடைத்துவிட்டது. முதலில் கடை போடுகிறவன்தான் சந்தையைப் பழக்க வேண்டும். பழகிய சந்தையில் இரண்டாவதாகக் கடை போடுகிறவருக்கு வியாபாரம் சுலபம். இது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். சந்தையைப் பழக்கிய செலவை நாம் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. "நற்பெயர்" என்கிற கண்ணுக்குத் தெரியாத சொத்தை மதிப்பிட மூன்று முறைகள் படிக்கிறோம். முன்னோடிகளை மதிப்பிட ஒரு முறைகூட இல்லை.

இவ்வளவு ஜெயித்த சானியாவையும் சும்மா விட்டோமா? 2005-ல் நாடு பேசியது அவருடைய ஃபோர்ஹேண்டைப் பற்றியா, பாவாடையின் நீளத்தைப் பற்றியா? நினைத்துப் பாருங்கள்.

சில எதிர்க் கேள்விகள்

"டென்னிஸ் பணக்காரர்கள் விளையாட்டு. ஏழைப் பெண்களுக்குக் கபடியும் ஓட்டமும் போதாதா?" இது நியாயமான கேள்வி மாதிரி தெரியும். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்குக் கோர்ட்டும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அதைப் பிடுங்கினார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்த செய்தியையும் படித்தோம். செலவில்லாத விளையாட்டு என்றாலும், கீழே விழுந்தால் தாங்கிப் பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான் விஷயம். அந்த வலை டென்னிஸுக்கும் இல்லை, ஓட்டத்துக்கும் இல்லை.

"அரசாங்கம் செய்ய வேண்டும், நாம் என்ன செய்வது?" அரசாங்கம் கொஞ்சம் செய்கிறது. 2022-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் மகளிர் டபிள்யூ.டி.ஏ. போட்டி நடந்தது. 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வந்தது. ஆனால் நம் பாடத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சியும் இருக்கிறது. டென்னிஸ் ஒலிம்பிக் விளையாட்டு. நாளைக்கு நாம்தான் இந்தக் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் உட்காரப் போகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், ஒரு மாவட்டத்துக்கு நாலு பெண்களை ஐந்து வருஷம் தத்தெடுக்கச் சொல்லலாமே? மூன்று மாத ஸ்பான்சர்ஷிப்பால் பிரயோஜனம் இல்லை. செட்டிநாட்டுக் கணக்குப்படி குறைந்தது மூன்று வருஷம்!

"ஆடிவிட்டு என்ன வேலைக்குப் போவாள்?" பி.காம். முடித்துவிட்டு நாம் மட்டும் என்ன வேலைக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டா படிக்கிறோம்?

பழசு மட்டும் இல்லை

இந்தக் கதை நிருபமாவோடு முடிந்துவிடவில்லை. அதே கோயம்புத்தூரில் இருந்து மாயா ராஜேஸ்வரன் ரேவதி என்கிற பெண் வந்திருக்கிறார். 2009-ல் பிறந்தவர். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றில் இருந்து ஆடி அரையிறுதி வரை போனார். அப்போது வயது 15! ஸ்பெயினில் நடால் அகாடமியில் பயிற்சி பெற வாய்ப்பும் கிடைத்தது.

நிருபமாவும் மாயாவும் ஒரே ஊர் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊரில் ஒருத்தி ஆடி ஜெயித்திருந்தால், அடுத்த தலைமுறை அப்பாக்களின் கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவுக்கு ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. கோர்ட் வருகிறது, கோச் வருகிறார், "அந்தப் பொண்ணு மாதிரி" என்று கைகாட்ட ஓர் ஆள் கிடைக்கிறார். காரைக்குடியில் கைகாட்ட இன்னும் ஆள் வரவில்லை.

உலகமும் மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது. 1970-ல் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுத் தனியாகச் சுற்றுப் போட்டி தொடங்கினார்கள். அதில் ஒருவரான பில்லி ஜீன் கிங் 1973-ல் டபிள்யூ.டி.ஏ. அமைப்பை உருவாக்கினார். அதே வருஷம் அமெரிக்க ஓப்பன் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பரிசு கொடுத்தது. விம்பிள்டன் அதைச் செய்ய 2007 ஆனது. 2025-ல்தான் டென்னிஸ் ஆடும் பெண்களுக்குச் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்புத் திட்டம் வந்தது. இதில் எதுவும் தானாக வரவில்லை. யாரோ ஒருத்தி கேட்டதால் வந்தது.

கடைசியாக

நிருபமாவுக்குச் சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் பெயரை ஒரு பாடப் புத்தகத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பவில்லை. எனக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, அடுத்த தடவை யாராவது "134-தானே" என்று சொன்னால், அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள செலவுக் கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற தங்கச்சி ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால், ப்ளஸ் ஒன் வரும்போது வீட்டில் ஒரு பேச்சு வரும். அப்போது அவளுக்காக வாயைத் திறங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அண்ணன் சொன்னால் அப்பா கொஞ்சம் யோசிப்பார். அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலவரம் அதுதான், அதையாவது பயன்படுத்திக்கொள்வோம்.

எங்கள் எறிபந்து அணியில் கடைசிவரை ஆடிய அந்த ஒருத்திக்கு வீட்டில் ஓர் அண்ணன் இருந்தான்.